உன் குறுநாவலில் வரும் அந்த அம்மா

தம்பி,

முதலில் வெட்கம்கெட்ட காரியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீயாகக் கண்டுபிடித்தால் இன்னும் அசிங்கம். உன் குறுநாவலை என் சனிக்கிழமை டியூஷன் பிள்ளைகளுக்குப் பயிற்சியாகக் கொடுத்தேன். முதல் நான்கு அத்தியாயங்களை நகல் எடுத்து, உன் பெயர் தெரியாமல் மறைத்து, "இக்கதையில் வரும் தாயின் பண்புநலன்களை விளக்குக" என்று பத்துப் புள்ளிக்கு ஒரு கேள்வி போட்டேன். படிவம் ஐந்து, பதினொரு பேர். அந்தத் தாய் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருப்பது ஒருவருக்கும் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு மாய்ந்து மாய்ந்து எழுதினார்கள். "இத்தாய் வெள்ளந்தியானவர்." "பாசம் மிக்கவர். ஆயினும் அறியாமை அதைவிட மிக்கவர்." "தோட்டப்புறத்தில் வளர்ந்ததால் உலக ஞானம் இல்லாதவர்." ஒருவன் இன்னும் ஒரு படி மேலே போய், "மொத்தத்தில் ஒன்றும் தெரியாத ஜென்மம்" என்று முடித்திருந்தான். நான் சிவப்புப் பேனாவை எடுத்து எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது. பாடத்தில் இருப்பதை எழுதினால் புள்ளி கொடுக்க வேண்டியதுதான். அந்த ஜென்மத்துக்கு மட்டும் மொழிநடை சரியில்லை என்று அரைப் புள்ளி வெட்டினேன்.

இதையெல்லாம் ஏன் பத்திரிகையில் எழுதுகிறீர்கள், வாட்ஸ்அப்பில் சொன்னால் ஆகாதா என்று நீ கேட்பாய். ஆகாது. நீ என்னை மன்னித்தது வாட்ஸ்அப்பில் இல்லை. புத்தக வெளியீடு என்று ஈப்போவில் மண்டபம் பிடித்து, ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்து, வடையும் தேநீரும் வரக் காத்திருந்த அத்தனை பேருக்கு முன்னால் மன்னித்தாய். "என் கதையில் வரும் அம்மா வில்லி இல்லை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்" என்றாய். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன், எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே. பக்கத்து நாற்காலியில் நம் தெரு கமலா அக்கா என் தொடையைக் கிள்ளினார். "யாரு டீச்சர் அது? நீங்கதானே?" "கற்பனைக்கா, எல்லாம் கற்பனை." "கற்பனைல்லாம் உங்க மூக்குத்தியே போட்டுக்கிட்டு வருமா லா?" ஆகவே இது ஊர் முன்னால் நடந்த மன்னிப்பு. அதைத் திருப்பிக் கொடுப்பதும் ஊர் முன்னால்தான் நடக்க வேண்டும்.

திருப்பிக் கொடுக்கவா என்று பதறாதே. விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் தைப்பிங்கில் வெண்டி வீட்டுக்குப் பெண் கேட்கப் போகிறோம். உன் அப்பா இப்போதே காலணிக்குப் பாலிஷ் போட்டுவிட்டார். போன வாரம் நீ எனக்கு ஒரு பட்டியல் அனுப்பினாய். சீனர் வீட்டில் என்னென்ன செய்யக் கூடாது என்று ஏழு கட்டளை. முதல் கட்டளை: "பூ எதுவும் வேண்டாம்மா, பழம் போதும்." பக்கத்தில் ஒரு சிரித்த முகம் வேறு. அன்று சாயங்காலமே வெண்டி போன் பண்ணினாள். நீ கற்றுக்கொடுத்த தமிழில், பாவம், தேடித் தேடிப் பேசினாள். "ஆன்ட்டி, ஒர்ரி பண்ணாதீங்க லா. மம்மிகிட்ட சொல்லிட்டேன், ஆன்ட்டிக்கு நம்ம பந்தாங் ஒண்ணும் தெரியாது, தப்பா எடுத்துக்காதீங்கன்னு." அவள் சொன்ன பந்தாங் என்பது ஆகாத காரியம், விலக்கு. ஆக, நான் வாசல்படி மிதிப்பதற்கு முன்பே ஒன்றும் தெரியாதவளாக அந்த வீட்டுக்குள் போய்விட்டேன். ஒன்றும் தெரியாதவள் என்ற அந்த நாற்காலியில்தான் இனி நான் சாகும்வரை உட்கார வேண்டும். என்னால் முடியாது, தம்பி. நீ யாரை அந்த வீட்டுக்கு அழைத்துப் போகிறாய் என்பது உனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்த பிறகு அழைத்துப் போவதா விட்டுவிட்டுப் போவதா என்பது உன் முடிவு.

ஆனால் நான் டீச்சர். நேராக விஷயத்துக்கு வர எனக்குத் தெரியாது. இலக்கியக் கூறுகளைத் தொட்டுத்தான் வருவேன். பொறுத்துக்கொள்.

பின்னணியில் தொடங்குவோம். "அந்தக் கோடையின் ஆறு வாரங்கள்" என்று ஆரம்பிக்கிறாய். ஈப்போவுக்கு எங்கிருந்து வந்தது கோடை? இங்கே இருப்பது இரண்டே பருவம்: மத்தியானம் வெயில், நாலு மணிக்கு மழை. நீ சொல்லும் கோடை என்பது பல்கலைக்கழகத்துக்கான எஸ்டிபிஎம் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம். சும்மா கிடக்கிறானே என்று நான்தான் உன்னை வேலைக்குத் துரத்தினேன். கதையில் நீ ஒரு பழைய புத்தகக் கடையில் வேலை செய்கிறாய். தூசி படிந்த அலமாரிகளுக்கு நடுவே உன் முதல் காதலி, அந்தச் சீனப் பெண், விரலால் உன் விரலைத் தொடுகிறாள். உண்மையில் நீ வேலை செய்தது பிஸ்கட் சுடும் இடத்தில். தேங்காய் மட்டையை எரித்துச் சூளையில் ஹியோங் பியா சுட்டு, சீனப் பெருநாளுக்குப் பெட்டி பெட்டியாய்க் கட்டும் வேலை. வெங்காயமும் எள்ளும் கருகிய வாசனையோடு வீட்டுக்கு வருவாய். அந்த வாசனை உன் சட்டையில் இரண்டு துவைப்புக்கும் போகாது. அதை ஏன் புத்தகக் கடை ஆக்கினாய்? பிஸ்கட் அடுக்கும் கையில் காதல் வராதா? அந்தச் சூளையை எழுதியிருந்தால் இதுவரை யாரும் எழுதாத பின்னணி உனக்குக் கிடைத்திருக்கும். புத்தகக் கடையைத்தான் எல்லோரும் எழுதிவிட்டார்களே.

அதைவிடப் பெரிய அநியாயம் அந்த ரப்பர் பால்மரம். நீயும் அவளும் இலை உதிர்க்கும் பால்மர வரிசைக்கு நடுவில் நடக்கிறீர்கள். உதிரும் இலை குறியீடு, சீக்கிரம் முடியப்போகும் காதலுக்கு அடையாளம். பிள்ளைகள் அதைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள், சந்தோஷப்படு. ஆனால் செமோர் பக்கத்தில் நான் பிறந்த அந்தத் தோட்டத்தில் நீ பிறக்கும் முன்பே பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். நீ ஆரம்பப் பள்ளி முடிப்பதற்குள் செம்பனையையும் தள்ளிவிட்டு வரிசை வீடு கட்டிவிட்டார்கள். நீங்கள் இருவரும் மெய்மறந்து நடந்ததாக எழுதிய இடத்தில் அப்போது இருந்தது கார் கழுவும் கடை. நீங்கள் உண்மையில் எங்கே சந்தித்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். கமலா அக்கா பஸ் நிற்கும் இடத்திலிருந்து நேரே நம் வீட்டுக்குத்தான் வந்தார். "டீச்சர், உங்க மகன் ஒரு சீனப் பிள்ளகூட செண்டோல் குடிக்கிறான். ஒரு கோப்பை, ரெண்டு கரண்டி." "கூட வேலை செய்யிற பிள்ளையா இருக்கும்கா." "கூட வேலை செஞ்சா கோப்பையும் கூடயா?"

பாத்திரப்படைப்புக்கு வருகிறேன். கதையில் அந்தப் பெண்ணுக்கு மெய் ஃபாங் என்று பெயர் வைத்தாய். நானும் அதையே சொல்கிறேன்; அசல் பெயருக்குச் சொந்தக்காரி எங்கோ பிள்ளைகுட்டியோடு இருப்பாள், அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அவளை நன்றாகவே எழுதியிருக்கிறாய், சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வது உட்பட. உன் அப்பாவைத்தான் ஒன்பதாம் பக்கத்தில் கொன்றுவிட்டாய். அவர் புத்தகத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, அந்த இடத்தை இரண்டு தடவை படித்தார். "ஒரே வரியிலயா செத்தேன்?" என்றார். "காரணம்கூடச் சொல்லலையே. ஹார்ட் அட்டாக்னாவது போட்டிருக்கலாம்." பிறகு சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். செத்துப்போன மனிதனின் பெண்டாட்டி என்பதால் என்னை வெள்ளைச் சேலையில் நடமாட விட்டிருக்கிறாய். அன்னம்மாள் என்று பெயர். கைநாட்டு. நான் வாங்கிய டிப்ளோமா சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது. அதன் கீழே உட்கார்ந்துதான் நீ இந்தக் கதையை எழுதினாய்.

இதுவரை எனக்கு ஒன்றும் கோபமில்லை. எழுத்தாளன் என்றால் பெற்றவர்களைக் கொல்வதும் கைநாட்டு ஆக்குவதும் உண்டுதான். நானும் என் சிரிப்புக் கட்டுரைகளில் உன்னை எத்தனை தடவை ஊர் சிரிக்க வைத்திருக்கிறேன். கதைப்பின்னலில்தான் என் சங்கடம் தொடங்குகிறது. பன்னிரண்டாம் பக்கத்திலேயே, வீட்டுச் சாமி படத்துக்கு அன்னம்மாள் வெள்ளைச் செவ்வந்தி வைக்கிறாள். பிள்ளைகள் முன்னறிவிப்பு உத்தி என்று அடிக்கோடிட்டார்கள். நல்ல உத்திதான். பிறகு மெய் ஃபாங்கின் அப்பா வயிற்றில் அறுவை செய்துகொண்டு பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நீ அம்மாவை அழைத்துப்போகிறாய். இரண்டு குடும்பமும் முதல்முறை முகம் பார்க்கப் போகிறது. அம்மா, தான் சாமிக்கு வைக்கும் அதே பூவை ஆசையாசையாய்க் கட்டி எடுத்துக்கொண்டு போகிறாள். சீனருக்கு அது சாவு வீட்டுப் பூ. படுக்கையில் இருக்கும் மனிதனுக்கு, அதுவும் பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அதைக் கொண்டுபோய் நீட்டுகிறாள். அந்த இடத்தில் எழுதியிருக்கிறாய்: "அவளுக்கு என்ன தெரியும், பாவம். தன்னிடம் இருந்த தூய்மையான ஒன்றை அவள் கொடுத்தாள்."

அருமையான வாக்கியம். வகுப்பில் உரக்கப் படித்தேன். அது பொய்.

பொய் சொன்னது நீ இல்லை. இங்கேதான் நோக்குநிலை என்று ஒன்று வருகிறது. தன்மை நோக்குநிலையில் கதை சொல்பவனுக்கு அவன் கண் பார்த்ததுதான் உலகம். நீ பார்த்தது நான் பூவோடு காரில் ஏறியதிலிருந்து. அதற்கு முன்னால் நடந்ததை நான் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஈப்போவில் ஒரு கடையில் வேலை செய்தேன் என்பது உனக்குத் தெரியும். துணிக்கடை என்று சொல்லியிருக்கிறேன். உன் அப்பாவுக்கும் துணிக்கடைதான், இன்றுவரை. இதைப் படிக்கும்போது அவர் மூக்குக்கண்ணாடி கீழே விழும். அது துணிக்கடை இல்லை, பூக்கடை. சீனர் பூக்கடை. அதிலும் கல்யாணப் பூ முன்பக்கம், முதலாளியின் மகள்கள் கட்டுவார்கள். பின்பக்கம் சாவுக்கு வைக்கும் மலர்வளையம், அதுதான் என் வேலை. இரண்டு வருஷம். மூங்கில் வளையத்தில் வைக்கோல் சுற்றி, வெள்ளைச் செவ்வந்தியை ஒவ்வொன்றாய்க் காம்பு நறுக்கிக் குத்த வேண்டும். ஒரு வளையத்துக்கு எத்தனை பூ என்று இப்போதும் என் விரலுக்குத் தெரியும். உன் அப்பா வீட்டார் யாழ்ப்பாண வழி, அரசாங்க உத்தியோகம், நாற்காலியில் உட்காரும் குடும்பம். தோட்டத்துப் பெண் என்பதையே விழுங்க முடியாமல் விழுங்கினார்கள். சாவு மாலை கட்டியவள் என்றால் வாந்தி எடுத்திருப்பார்கள். அதனால் துணிக்கடை ஆயிற்று. ஒரு வீட்டில் எப்படிச் சிரித்த முகத்தோடு வேண்டாதவளாக நடத்துவார்கள் என்பதை அங்கேதான் கற்றேன். தண்ணீர் கேட்டால் கொடுப்பார்கள், எந்தக் குவளையில் கொடுக்கிறார்கள் என்பதில் எல்லாம் இருக்கும்.

சரி, அந்த நாளுக்கு வருவோம். நீ வீட்டில் சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் மார்க்கெட்டுக்குப் போனேன், பழம் வாங்கத்தான். பழக்கடைக்குப் பக்கத்தில் பூக்கடை. வாளியில் வெள்ளைச் செவ்வந்தி, பெரியது, நல்ல சரக்கு. நின்றேன். கடைக்கார அம்மா சீனர். என் கையில் இருந்த பூவைப் பார்த்துவிட்டு மலாயில் கேட்டார், யாருக்கு என்று. அவர் அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கு ஏதாவது சாக்குச் சொல்லலாம். கேட்டார். "சாமிக்கு" என்றேன். ஆஸ்பத்திரிக்கு என்று சொன்னால் கையைப் பிடித்துத் தடுத்திருப்பார். அது தெரிந்துதான் சாமிக்கு என்றேன். "சிவப்புத் தாள் சுத்தவா?" என்றார். "வேண்டாம், வெள்ளையே போதும்." தம்பி, நான் கற்ற தொழிலை அவ்வளவு கச்சிதமாக நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

வார்டில் யாரும் கத்தவில்லை. அதை நீயும் சரியாக எழுதியிருக்கிறாய். மெய் ஃபாங்கின் அப்பா, படுத்தபடியே, "சிக்கு, டுடோக்" என்றார், உட்காருங்கள் டீச்சர் என்று. நாற்காலியைக் கண்ணால் காட்டினார். அவள் அம்மா எழுந்து வந்து பூவை இரண்டு கையாலும் வாங்கினார். "தெரிமா காசே" என்றார். நன்றி சொன்ன வாய்க்கு மேலே கண் எங்கேயோ போய்விட்டது. பூவைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். பிறகு பைக்குள் கையை விட்டு, பெருநாளுக்கு வாங்கி வைத்திருந்த மெண்டரின் ஆரஞ்சு இரண்டை எடுத்து, அதையும் இரண்டு கையால் எனக்குக் கொடுத்தார். வந்தவரை வெறுங்கையாக அனுப்பக் கூடாதல்லவா. நீ சுவர் ஓரம் நின்று சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தாய். எல்லோரும் பூவைப் பார்த்தார்கள். மெய் ஃபாங் மட்டும் பூவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். உன் கதையில் அவள் அப்போது ஜன்னல் வழியே மழையைப் பார்க்கிறாள். மழை பெய்தது உண்மை. அவள் பார்த்தது என்னை.

அந்த ஆரஞ்சை நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், இரண்டையும். நல்ல இனிப்பு.

பெருநாள் விடுமுறை முடிந்து நீ வேலைக்குப் போனாய், அவள் வரவில்லை. சிங்கப்பூரில் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். நாலைந்து நாள் கழித்துச் சமையல்கட்டில் வந்து நின்றாய். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "அம்மா, அந்தப் பூ... அது அவங்களுக்கு ஆகாதாம்மா. சாவுக்கு வைக்கிற பூவாம்." நான் கத்தியை வைத்துவிட்டு உன்னைப் பார்த்தேன். "ஐயையோ, அப்படியா? எனக்கெப்படிடா தெரியும்?" என்று சொன்னேன். வெங்காயம் வேறு உதவிக்கு இருந்தது, கண்ணில் தண்ணீர் தானாக வந்தது. நீ என்ன செய்தாய் தெரியுமா? பத்தொன்பது வயசுப் பையன், வாழ்க்கையில் முதல் தடவை மனசு உடைந்து நிற்கிறவன், என் தோளில் கை வைத்து, "பரவாயில்லம்மா, நீங்க வேணும்னா செஞ்சீங்க?" என்றாய். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆமாம். வேணும்னுதான் செய்தேன்.

ஏன் என்று கேட்பாய். கதைக்கரு எது என்று பிள்ளைகளும் கேட்டார்கள். பல வருஷமாய் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் ஒன்று இருக்கிறது. நீ பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் அவளோடு சிங்கப்பூர் போய் ஏதாவது தொழிற்சாலையில் சேரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றினேன். கேட்க நன்றாக இருக்கிறது, மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். இனத்தைக் காரணம் சொன்னால் அதுவும் முழு உண்மையில்லை. யாழ்ப்பாணத்தார் வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால் இன்னும் பெரிய வளையம் கட்டியிருப்பேன். அசல் காரணம் எவ்வளவு அற்பம் என்றால், எழுத விரல் கூசுகிறது. அந்த ஆறு வாரத்தில் ஒரு நாள், மெய் ஃபாங் வீட்டில் கொடுத்தனுப்பிய சூப்பை டப்பாவோடு கொண்டுவந்து குடித்துவிட்டு, என் மீன் குழம்பைத் தள்ளி வைத்தாய். "கொஞ்சம் எண்ணெய் ஜாஸ்தியா இருக்கும்மா" என்றாய். பத்தொன்பது வருஷமாய் அதே எண்ணெய். அவ்வளவுதான், தம்பி. ஒரு மனிதனின் காதலை ஒரு தாய் கலைத்ததற்கு உலக இலக்கியத்தில் இதைவிடக் கேவலமான காரணம் கிடைக்குமா என்று தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

பிள்ளைகள் எழுதிய படிப்பினை என்ன தெரியுமா? பதினொரு பேரும் ஒன்றையே எழுதினார்கள்: பிற இனத்தாரின் பண்பாட்டை நாம் அறிந்து நடக்க வேண்டும். அறிந்திருந்தேனே! நீ அனுப்பிய ஏழு கட்டளையையும் நான் உனக்கே வகுப்பு எடுப்பேன், எட்டாவதும் ஒன்பதாவதும் சேர்த்து. அறியாதவன் செய்வதைவிட அறிந்தவன் செய்வது எவ்வளவு நேர்த்தியாக இருக்கும் என்பதுதான் நான் பெற்ற படிப்பினை. அதைத் தேர்வில் எழுதினால் புள்ளி கிடைக்காது.

கல்யாணம் செய்யப் போகிறவனுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்லியாக வேண்டும் என்பது வழக்கம். ஒன்றே ஒன்று சொல்கிறேன். நீ நல்லவன், அதுதான் உன்னிடம் எனக்குப் பயம். உனக்கு வேண்டியவர்கள் தப்புச் செய்தால், அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே நீயே ஒரு காரணம் தைத்து அவர்களுக்குப் போட்டுவிடுவாய். தெரியாமல் செய்துவிட்டாள், பாவம் என்பாய். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு வருஷம் நடந்து பார்த்தேன், அக்குளில் இறுக்குகிறது. வெண்டிக்கு அதைத் தைக்காதே. அவள் ஒருநாள் உனக்கு ஏதாவது செய்வாள். செய்யாத பெண்டாட்டி கிடையாது. அப்போது கேள். "வேணும்னா செஞ்சே?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு நில். என் தோளில் கை வைத்தாயே, அந்தக் கையைக் கொஞ்சம் தாமதமாக வைத்திருந்தால் நான் அன்றைக்கே சொல்லியிருப்பேனோ என்னவோ. சொல்லியிருக்க மாட்டேன் என்றும் தோன்றுகிறது. ஆனால் உன் பக்கம் வேலை சரியாக நடந்திருக்கும்.

இனி உன் முடிவு. தைப்பிங்குக்கு நான் வர வேண்டாம் என்றால் வரவில்லை. அப்பா தனியாகப் போய் வருவார். அவருக்கு எங்கே போனாலும் நாற்காலியும் தேநீரும் இருந்தால் போதும். வரச் சொன்னால், பெண் கேட்டு முடித்து எல்லோரும் சாப்பிட உட்காரும் முன், வெண்டியின் அம்மாவிடம் என் வாயாலேயே இதைச் சொல்வேன்: எனக்கு உங்கள் பந்தாங் எல்லாம் தெரியும், அதனால் நான் ஏதாவது தப்பாகச் செய்தால் தெரிந்துதான் செய்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் சொல்லிவிட்டால் பிறகு நான் தப்புச் செய்ய முடியாது, பார். வேறு வழியில் எனக்கு என்மேலேயே நம்பிக்கை இல்லை. மெய் ஃபாங்கிடம் சொல்ல வேண்டியதை எங்கே போய்ச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.

முடிவு என்ற கூறைப் பற்றி நான் ஒன்றுமே எழுதவில்லையே என்று நீ கவனித்திருப்பாய். "அவளுக்கு என்ன தெரியும், பாவம்" என்ற அந்த வரி நாற்பத்தேழாம் பக்கத்தில் இருக்கிறது. உன் புத்தகம் தொண்ணூற்றாறு பக்கம். நான் படித்தது நாற்பத்தேழு வரைதான்.